முசலமும் வெற்றுக் கூடும்: சூட்டுக்களத் தடயம் பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாகச் செல்லும் வீதி நோர்வூட்டிலே இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று மஸ்கெலியாவுக்கும் மற்றது பொகவந்தலாவைக்கும் செல்லும். அவ்வூரிலே ஆசிரியர் சிலருடன் மலையகத் தொழிலாளர் போராட்ட வரலாறு பற்றி உரையாடிக்கொண்டிருந்தபோது அவர்களுள் ஒருவர் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். 2022 ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையிலே எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துப் புகையிரதப் பாதையை மறித்து நின்றோர்மீது பொலிசார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னர் நிலத்திற் கிடக்கும் வெற்று ரவைக் கூடுகளின் அருகே இலக்கத் தகடுகளை வைத்துப் படம் பிடிக்கின்றார்களே, கூடு கிடந்த இடத்தைக் கொண்டு சுட்டவன் நின்ற இடத்தை அறிய முடியுமா என்பதே அவ்வினா. அன்று நாம் கூறிய விடை அரைகுறையானது. அதனை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை.

இலக்கிய மாணாக்கர் துப்பாக்கியின் பொறியமைப்புப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஏங்கெல்ஸ் 1860-61ஆம் ஆண்டுகளிலே இங்கிலாந்துத் தொண்டர் படையினருக்கான பத்திரிகை ஒன்றிலே ரைபிளின் வரலாற்றைத் தொடர் கட்டுரையாக எழுதியவர் என்பதையும், 'டூரிங்குக்கு மறுப்பு' நூலிலே பலாத்காரம் பற்றிய அதிகாரங்களில் ஆயுதத்தின் வளர்ச்சியை உற்பத்தி முறையின் வளர்ச்சியோடு இணைத்து நோக்கியவர் என்பதையும் நினைவூட்டுவது போதுமானது. ஆயுதத்தை விளங்கிக்கொள்ளுதல் வேறு, அதனைப் போற்றுதல் வேறு.

முதலிலே சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். எமது பத்திரிகைகள் தோட்டா, குண்டு, ரவை, சன்னம் ஆகிய சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்குகின்றன. நாம் இங்கு சுடுவதற்கு முன்னுள்ள முழுப் பொருளை ரவை என்போம். குழலை விட்டுப் பறந்து உடலிற் பாயும் ஈயமும் செம்பும் கலந்த முனை சன்னம். மருந்து எரிந்தபின் எஞ்சும் உலோகக் குப்பி வெற்றுக் கூடு. 'தோட்டா கண்டெடுக்கப்பட்டது' என்று எழுதும் செய்தியாளர் இம்மூன்றில் எதனைக் கருதுகின்றார் என்பது வாசகருக்கு விளங்குவதில்லை. சன்னம் இறந்தவரின் பக்கத்திலும் கூடு சுட்டவரின் பக்கத்திலும் கிடப்பன. இச்சொற்குழப்பம் சிறியதன்று.

துப்பாக்கியின் விசை இழுபட்டவுடன் ஊசி ரவையின் அடியைத் தாக்குகின்றது. மருந்து எரிந்து பெரும் அழுத்தமுடைய வாயுவாகின்றது. அவ்வழுத்தத்தினாற் கூடு விரிந்து ரவை அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றது. சன்னம் வெளியேறி அழுத்தம் தணிந்ததும் கூடு சற்றே சுருங்கி விடுபடுகின்றது. இனி அதனை அறையிலிருந்து இழுத்தல் வேண்டும். பின்னர் பக்கவாட்டிலே எறிதல் வேண்டும். அதன்பின் புதிய ரவையை உட்செலுத்தல் வேண்டும். இம்மூன்று வேலைகளையும் செய்வது யார் என்பதே துப்பாக்கிகளை வகைப்படுத்தும் அடிப்படை.

பிரித்தானியர் ஆட்சிக்காலத்திலிருந்து இலங்கையிற் புழங்கிய .303 லீ-என்பீல்ட் ரைபிளிலே இவ்வேலைகளை மனிதக் கையே செய்தது. சுட்டவன் தாழின் கைப்பிடியை மேலே திருப்பிப் பின்னுக்கு இழுப்பான். தாழின் முனையிலுள்ள கொக்கி கூட்டின் விளிம்பைப் பற்றி இழுத்துவரும். கூடு வலப்பக்கமாகத் தெறித்து அருகே விழும். கை வேகமாக இழுத்தாற் சற்றுத் தூரத்திலும், மெதுவாக இழுத்தாற் காலடியிலும் விழும். மெல்ல இழுத்து உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளவும் முடியும். ஒரே ஒரு வெடி வைத்துத் தாழை இழுக்காது சென்றவனுடைய கூடு துப்பாக்கிக்குள்ளேயே சென்றுவிடும்; களத்தில் எதுவும் எஞ்சாது. கையால் இயங்கும் துப்பாக்கியின் யுகத்திலே வெற்றுக் கூடு நிலத்தில் விழுவதும் விழாததும் சுட்டவனின் விருப்பத்துக்கு உட்பட்டிருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்திலே வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டுக்கு இரையான கோவிந்தன் அந்த யுகத்தைச் சேர்ந்தவர். அதனை விசாரித்த ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவியின் சார்பிலே கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். 1977 மே மாதத்திலே டெவன் தோட்டப் பகுதியில், ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணி பறிபோவதற்கு எதிராகத் திரண்ட தொழிலாளர்மீது பொலிசார் சுட்டபோது சிவனு லட்சுமணன் உயிரிழந்தார். இவர்களுடைய பெயர்களை மலையகம் மறக்கவில்லை; ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றது. ஆயினும் எமது நினைவிலே பெயரும் தோட்டமும் இருக்கின்றனவேயன்றிப் பொருட் சான்று என்று எதுவும் இல்லை. தொழிலாளரின் வாய்ச்சாட்சியம் 'சார்புடையது' என்று தள்ளப்படும் விசாரணை மன்றங்களிலே இது பாரிய இழப்பாகும்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். மூலதனத்தின் முதற்பாகத்திலே மார்க்ஸ் வளர்ச்சியுற்ற இயந்திரத்தை இயக்கு பொறி, கடத்து பொறி, கருவி என மூன்று கூறாகப் பகுத்துக் காட்டினார். கைவினைஞனின் கையிலிருந்த கருவி ஒரு பொறியின் கைக்கு மாறும்போதே இயந்திரம் பிறக்கின்றது. தானே நிரப்பிக்கொள்ளும் ரைபிளிலே இதனைத் தெளிவாகக் காணலாம். சன்னத்தைத் தள்ளிய அதே வாயு இங்கு இயக்குவிசையாகின்றது. தாழும் கொக்கியும் முன்போலவே உள்ளன. அவற்றை இழுத்த கை மட்டும் விலக்கப்பட்டுவிட்டது. அக்கையின் இடத்தைப் பிடித்ததே முசலம். தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய எண்ணெய் எஞ்சின்களைக் கண்டோருக்கு முசலம் புதியதன்று. உருளைக்குள் வாயு விரிந்து, பிஸ்டன் எனப்படும் முசலத்தைத் தள்ளுவது இரண்டுக்கும் பொதுவான தத்துவம்.

குழலின் நடுப்பகுதிக்கு அப்பால் ஒரு சிறு துளை உண்டு. சன்னம் அதனைக் கடந்ததும் வாயுவின் ஒரு பகுதி அத்துளை வழியே மேலேறி முசலத்தைப் பின்னோக்கித் தள்ளும். முசலம் தாழின் தாங்கியைத் தள்ளும். தாங்கி தாழைத் திறந்து இழுத்துச் செல்லும். கூடு வெளியே எறியப்படும். பின்னால் அமுங்கிய சுருள்வில் எல்லாவற்றையும் மீண்டும் முன்னே தள்ளிப் புதிய ரவையை அறைக்குள் ஏற்றும். இவை யாவும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும்.

சீனாவின் ரி-56, கலாஷ்னிகோவ் மாதிரியைச் சேர்ந்தது. அதிலே முசலமும் தாங்கியும் ஒரே உறுப்பாக இணைந்து முழுத் தூரமும் ஒன்றாகவே ஓடும். பிரித்தானிய எல்.1ஏ.1 ரைபிளிலும் அதன் உறவினதான இந்திய இஷாப்பூர் 1ஏ1இலும் முசலம் தனித்த குறுந்தண்டு; தாங்கிக்கு ஓர் அடி கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கு மீளும். எல்.1ஏ.1இல் வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகும் உண்டு. அத்திருகைத் திருப்பினால் ஒரே துப்பாக்கியின் கூடுகள் வேறுவேறு தூரத்தில் விழும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நன்று. பின்னர் இதற்கு மீள்வோம்.

அமெரிக்காவின் எம்-16 வேறொரு வழியைப் பின்பற்றியது. யூஜின் ஸ்டோனர் வகுத்த அவ்வமைப்பிலே தனியான முசலத் தண்டு இல்லை. துளையிலிருந்து வரும் வாயு ஒரு மெல்லிய குழாய் வழியே பின்னோக்கிச் சென்று தாங்கியின் வயிற்றுக்குள்ளேயே விரிகின்றது. அவ்வாயு தாங்கியைப் பின்னுக்கும் தாழை முன்னுக்கும் ஒரே நேரத்தில் தள்ளுவதால், தாழின் பூட்டுப் பற்களின் மீதுள்ள சுமை சற்றுக் குறைந்து அது இலகுவாகத் திறக்கின்றது. தள்ளுவிசை தாங்கியின் நடு அச்சிலேயே அமைகின்றது. இங்கு தாங்கியும் தாழுமே உருளையும் முசலமும் ஆகிவிடுகின்றன என்று கூறுவோரும் உளர். அது பிழையான கூற்றன்று. குறைபாடு யாதெனில், கரியும் வெப்பமும் நேரே துப்பாக்கியின் உள்ளறைக்கு வந்து சேர்கின்றன என்பதே. இதனைத் தவிர்க்கவே அக்குழாயை நீக்கி, அதன் இடத்தில் முசலத் தண்டைப் பொருத்தும் மாற்றம் எழுந்தது. தாய்வானின் ரி-65 இவ்வழியே சென்றது. ஜேர்மனியின் எச்.கே.416 இதனைப் பரவலாக்கியது. நோர்வே, பிரான்சு ஆகிய நாடுகளின் படைகள் அதனை ஏற்றுள்ளன. பழைய ரைபிளிற் பொருத்தத்தக்க மாற்று உறுப்புத் தொகுதிகளும் அமெரிக்கச் சந்தையில் விற்கப்படுகின்றன. ஆயுதமும் ஒரு பண்டமே என்பதை அச்சந்தையைப் போலத் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை.

இம்மாற்றம் வெற்றுக் கூட்டை எவ்வாறு பாதிக்கின்றது? கூட்டை எறியும் உறுப்பையே முதலில் நோக்குதல் வேண்டும். எம்-16இன் தாழ் முகத்திலே ஒருபுறம் கொக்கி உண்டு. மறுபுறம் சுருள்வில்லினால் உந்தப்படும் சிறு ஊசி ஒன்று கூட்டின் அடியை எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். கூட்டின் வாய் அறையை விட்டு விலகித் தடை நீங்கியவுடன் கூடு கொக்கியைச் சுற்றிச் சுழன்று வலப்புறம் பாயும். ஊசியின் விசை ஏறக்குறைய மாறாதது. ஆனால் தாங்கி எவ்வளவு வேகமாகப் பின்செல்கின்றது என்பதைப் பொறுத்தே கூடு சுழலும் கோணமும், அது சாளரத்தின் எவ்விளிம்பில் மோதும் என்பதும் அமைகின்றன. தாங்கி விரைவாகச் சென்றாற் கூடு முன்வலப் பக்கமாகச் செல்லும். மெதுவாகச் சென்றாற் பின்வலப் பக்கமாக விழும். இது பொதுவான போக்கு, விதியன்று.

முசலம் பொருத்தப்பட்டதும் தாங்கிக்குக் கிடைப்பது திடீரென்ற ஓர் அடி. முன்பு வாயு தாழை முன்தள்ளிக் கொடுத்த தளர்வு இப்போது இல்லை. அடி அச்சிலே விழாது தாங்கியின் மேற்புறத்திலே விழுவதால் தாங்கியின் பின்முனை சற்றே கீழ்நோக்கிச் சாயும், உராய்வு ஏற்படும். இவற்றின் கூட்டு விளைவாகக் கூடு விழும் திசையும் தூரமும் மாறுகின்றன. பல துப்பாக்கிகளிலே கூடுகள் முன்னையதிலும் முன்னோக்கியும் கூடிய விசையோடும் பாய்வதை அவதானித்துள்ளனர். ஆயினும் துளையின் பருமன், பின்னுள்ள சுருள்வில்லின் வலிமை, அதனோடு இணைந்த எடை, குழல்முனையில் ஒலி தணிப்பான் பொருத்தப்பட்டுள்ளதா என்பன யாவும் இதனை மாற்றவல்லன. ஆகவே 'முசலம் வைத்த துப்பாக்கியின் கூடு இந்தத் திசையில்தான் விழும்' எனக் கூறுவோர் அறியாது கூறுகின்றனர்.

இங்கேதான் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து எழுகின்றது. குழாயை நீக்கி முசலத்தைப் பொருத்தியவர்கள் இயக்குவிசை கடத்தப்படும் வழியை மாற்றினார்களேயன்றி, கொக்கியையோ உந்து ஊசியையோ மாற்றவில்லை. மாற்றப்பட்ட துப்பாக்கி முன்பாதியிலே முசலத் துப்பாக்கி. தாழின் முகத்திலோ அது ஸ்டோனரின் பழைய துப்பாக்கியே. கூட்டின் அடியிலே சுடு ஊசி இட்ட குழி, தாழ் முகத்தின் பதிவு, விளிம்பிலே கொக்கியின் கீறல், உந்து ஊசியின் தழும்பு ஆகியன அவ்வகைத் துப்பாக்கிக்கு உரியனவாகவே தொடர்கின்றன. இதற்கு மாறாக ரி-56இலே உந்து ஊசி இல்லை. தாழ் பின்வரும்போது கூட்டின் அடி அசையாது நிற்கும் ஓர் உலோக முனையில் மோதி எறியப்படுகின்றது. எனவே தாழின் வேகம் முழுவதும் கூட்டின் பாய்ச்சலாகின்றது. அதன் கூடுகள் பல மீற்றர் தூரம் சென்று விழுவதன் காரணம் இதுவே. கூட்டின் மேலுள்ள வடு துப்பாக்கியின் உறுப்பமைப்பைக் காட்டுவது, ஒப்பீட்டளவிலே உறுதியானது. கூடு கிடந்த இடமோ வாயு, வில், எடை, கைப்பிடிப்பு, நிலம் ஆகியவற்றின் கூட்டு விளைவு, அது உறுதியற்றது.

இதன் சமூக முக்கியத்துவத்தை எளிதாகக் கடந்துவிட முடியாது. கூடு கிடந்த இடத்தை எவரும் காணலாம். தோட்டத்துச் சிறுவனும் கைத்தொலைபேசியாற் படம் பிடிக்கலாம். வடுவை வாசிப்பதற்கோ ஒப்பீட்டு நுணுக்குக்காட்டியும் பயிற்சி பெற்ற நிபுணரும் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, சந்தேகிக்கப்படும் துப்பாக்கியே கையில் வேண்டும். இலங்கையில் அப்பணி அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தினுடையது. கூட்டைச் சேகரித்து அனுப்புவதோ பொலிசாரின் கடமை. வலுக்குறைந்த சான்று மக்களின் கண்முன்னும், வலுமிக்க சான்று அரச நிறுவனங்களின் கையிலும் இருக்கின்றன. சுட்டவர்கள் அரசபடையினராக இருக்கும்போது இவ்வேற்பாட்டின் முரண்பாட்டை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

எனினும் ஆய்வறிவாளர் இதிலே அவசரப்படலாகாது. 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரிலே பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு நிவாரண நிறுவனத்தின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். உடலொன்றிலிருந்து எடுக்கப்பட்ட சன்னம் 5.56 மில்லிமீற்றரா 7.62 மில்லிமீற்றரா என்பது பெரும் சர்ச்சையாயிற்று. முன்னையதாயின் எம்-16 வகையும், பின்னையதாயின் ரி-56 வகையும் நினைவுக்கு வரும். துப்பாக்கி வகையிலிருந்து அதனை வைத்திருந்த படைப்பிரிவுக்குச் செல்லலாம் என்பதே வாதத்தின் அடிப்படை. பிரேத பரிசோதனைகளை அவதானித்த அவுஸ்திரேலிய வல்லுநர் முதலிலே 5.56 எனக் குறிப்பிட்டார். பின்னர் அக்கருத்தைத் திருத்திக்கொண்டார். சான்று மாற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டு அதனால் வலுவிழந்தது. கொலைக்கான பொறுப்போ இன்றுவரை நீதிமன்றத்தில் நிலைநாட்டப்படவில்லை. ஒரு சிறு உலோகத் துண்டின் மீது மாத்திரம் முழு வழக்கையும் ஏற்றி வைத்தால், அத்துண்டு பிசகும்போது உண்மையும் உடன் பிசகியது போன்ற தோற்றம் உண்டாகிவிடுகின்றது.

கூட்டைப் பொறுத்தவரை இத்தகைய மயக்கம் குறைவு. அடிவரை அளந்தால் .303 ரவையின் கூடு ஏறத்தாழ 56 மில்லிமீற்றர் நீளமுடையது. அடியிலே வெளிநீட்டிய விளிம்பு உண்டு. எல்.1ஏ.1இனது 51, எம்-16இனது 45, ரி-56இனது 39. பாடசாலை அடிமட்டமே இதற்குப் போதும். ரி-56 ரவைகளுட் பலவற்றின் கூடு செம்புப் பூச்சிட்ட உருக்கினாலானது, காந்தத்தில் ஒட்டும். பித்தளைக் கூடு ஒட்டாது. கூட்டின் அடியிலே பொதுவாக உற்பத்திச்சாலையின் குறியும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். தொழிலாளி உற்பத்தி செய்த பொருளிலே அவனுடைய பெயர் இருப்பதில்லை, ஆலையின் பெயரே இருக்கின்றது என்பது எல்லாப் பண்டங்களுக்கும் பொருந்துவது. இப்பண்டத்தில் மட்டும் அக்குறி வேறொரு தொழிலாளியின் மரணத்துக்குச் சாட்சியாகின்றது.

மொழி பற்றியும் ஒரு சொல். 'துவக்கு வெடித்தது' என்பது எமது பேச்சுவழக்கு. 'துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது' என்பது எமது செய்தி வழக்கு. இரண்டிலும் சுட்டவன் இல்லை. கூட்டை எறியும் வேலை கையிலிருந்து முசலத்துக்கு மாறியதால், துப்பாக்கி தானே இயங்குகின்றது என்ற மயக்கமும் இவ்வழக்கோடு சேர்ந்துகொள்கின்றது. முசலம் கூட்டை எறியும், ரவையை நிரப்பும்; விசையைத் தொட்ட விரலை அது பதிலீடு செய்வதில்லை. ரி-56இன் நெம்பைத் தொடர்வெடிக்கு மாற்றி வைப்பதும் விரலே. களத்திலே பல கூடுகள் சிதறிக் கிடந்தால் ஒருவன் பலமுறை சுட்டிருக்கலாம். பலர் ஒவ்வொரு முறை சுட்டிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது வடுவினால் இயலும், சிதறலினால் இயலாது.

நோர்வூட் ஆசிரியரின் வினாவுக்கு இனி விடை கூறலாம். தட்டையான தார் வீதியிலே, துப்பாக்கி வகை அறியப்பட்டு, அதே துப்பாக்கி அதே வகை ரவையோடு சோதனைக்காகச் சுடப்பட்டு, கூடுகள் விழும் பரப்பு முன்கூட்டியே அளக்கப்பட்டிருந்தால், சுட்டவர் நின்ற இடத்தை ஓர் அண்ணளவான வட்டத்துக்குள் அடக்கலாம். அங்கும் தார் வீதியிற் கூடு எகிறி உருளும். ஓடுவோரின் காலில் எற்றுண்டும் போகும். சுடுபவர் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்திருந்தாலோ, நடந்துகொண்டே சுட்டிருந்தாலோ வட்டம் விரியும். தேயிலை மலையிலே நிலைமை வேறு. சரிவிலே விழுந்த கூடு செடி நிரைகளுக்கிடையில் உருண்டு கானுக்குள் இறங்கும். அடுத்த மழை அதனை மண்ணோடு சேர்த்துக் கீழே தள்ளிவிடும். கவ்வாத்து வெட்டிய மலையாயின் கழித்த கிளைகளின் அடியிற் புதைந்துபோகும். எனவே அங்கு மேல்நோக்கித் தேடுதல் வேண்டும். கூடு கிடந்த புள்ளியிலிருந்து கான் வழியே சரிவின் மேற்பக்கமாக. எடுப்பதற்கு முன் அடிமட்டம் ஒன்றை அருகில் வைத்து, சரிவும் கானும் தெரியத் தூரத்திலிருந்து ஒரு படமும், அடிப்புறப் பொறிப்புத் தெரிய அருகிலிருந்து ஒரு படமும், நேரக் குறிப்போடு எடுத்தல் வேண்டும். கையாற் தொடலாகாது. படத்தின் பிரதியொன்று பொலிசாரிடம் செல்லும்போது இன்னொன்று சட்டத்தரணியிடமும் மற்றொன்று தொழிற்சங்கக் காரியாலயத்திலும் இருத்தல் வேண்டும்.